22 கிலோவிலிருந்து 9 கிலோவுக்கு: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு லார்ஜ் ஃபார்மட் கேமராவும் ஒரு முதுகும்

பின்னணி

ராமநாதபுரத்தில் முப்பது ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்தி வந்த நிழற்படக்காரர் ஒருவர். நிகழ்வு தொடங்கியபோது அவருக்கு வயது 57. கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் டிஜிட்டலுக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு வேலையை அவர் விடவில்லை: லார்ஜ் ஃபார்மட் கேமராவில், 4×5 அங்குல ஷீட் ஃபிலிமில் (தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) இந்தக் கரையைப் பதிவு செய்வது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவர்கள், மாரியூர், வாலிநோக்கம் பக்கத்து உப்பளப் பாத்திகள், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள், சேதுக்கரையில் கரையேற்றிய வள்ளங்கள் என மாதத்துக்கு மூன்று நான்கு விடியற்காலைகள் போவார்.

ஒரு பிப்ரவரி மாதம், தனுஷ்கோடியில் கார் டிக்கியிலிருந்து கேமராப் பெட்டியைத் தூக்கித் திரும்பும்போது இடுப்பில் பிடித்தது. அன்று படம் எடுக்காமலே திரும்பினார். வலி மூன்று வாரம் ஆகியும் அடங்கவில்லை. ஸ்கேனில், இடுப்பு முள்ளெலும்பில் எல்4, எல்5 என்னும் இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் மெத்தைபோல உள்ள வட்டு (டிஸ்க்) பின்பக்கம் பிதுங்கியிருப்பது தெரிந்தது. காலில் பலக்குறைவு இல்லை, மரத்துப்போகவும் இல்லை. அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்ற மருத்துவர், படுத்தே கிடக்க வேண்டாம், நடங்கள் என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார். கால் தளர்ந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று எச்சரித்தும் வைத்தார். முதுகுவலியோடு பாரம் தூக்கும் எவரும் இந்த எச்சரிக்கையை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

நண்பர்கள் சொன்ன யோசனை இரண்டுதான். ஒன்று, விட்டுவிடுங்கள். இன்னொன்று, அதைவிடச் சிறிய ஃபிலிம் சுருள் போடும் மீடியம் ஃபார்மட்டுக்கு மாறுங்கள். இரண்டாவது யோசனை கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும் தராசில் நிற்கவில்லை. மமியா ஆர்பி67 கேமராவும் அதன் 90 மி.மீ. லென்ஸும் சேர்ந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல். மடக்கு மர 4×5 கேமரா ஒன்றரைக் கிலோவுக்குள் கிடைக்கிறது. லார்ஜ் ஃபார்மட்டில் கேமராவே பாரம் என்பது பொது நம்பிக்கை. பெரும்பாலும் பாரமாக இருப்பது கேமராவைச் சுற்றி இருப்பவை.

தராசில் கண்டது

ஏப்ரலில் முதல் வேலையாக, கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் சிறிய தராசு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நிறுத்து எழுதினார்கள். உடன் இருந்தது அவருடைய அக்கா மகன். படமெடுக்கப் போகும்போது துணைக்கு வருபவரும் அவர்தான்.

ஸ்டுடியோ மோனோரயில் (ஒற்றைத் தண்டவாளத்தில் நகரும்) கேமரா 4.6 கிலோ. 90, 150, 210 மி.மீ. லென்ஸ்கள் மூன்றும் உலோக லென்ஸ் போர்டுகளோடு (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் தகடுகள்) 1.7. ஃபிலிம் ஹோல்டர் (இரண்டு தாள் பிடிக்கும் உறை) 10, ஒன்று 180 கிராம் வீதம் 1.8. அலுமினிய டிரைபாடும் மூன்று கைப்பிடி வைத்த ஹெட்டும் 4.8. அலுமினியப் பெட்டி, காலியாகவே, 4.1. ஸ்பாட் மீட்டர் (ஒளி அளக்கும் கருவி) 0.5, கருப்புத் துணி 0.7, ஃபிலிம் மாற்றும் பை 0.5, லூப் (உருப்பெருக்கி), ஃபில்டர்கள், கேபிள் ரிலீஸ், தூரிகை, குறிப்பேடு எல்லாம் 0.9. குடை 0.6. தண்ணீர் 2 லிட்டர். மொத்தம் 22.2 கிலோ.

இதில் கண்ணைத் திறந்தது பெட்டியின் எடை. ஒரு படத்துக்கும் உதவாத 4.1 கிலோ, ஏறக்குறைய கேமராவின் எடைக்குச் சமம். எல்லாம் உள்ளே இருக்கும்போது பெட்டி மட்டும் 14 கிலோவுக்கு மேல், அதுவும் ஒற்றைக் கையில்.

தனுஷ்கோடிக் குருமணலில் கால் புதையப் புதைய நடப்பதற்கு, கெட்டித் தரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உழைப்பு வேண்டும். ஒற்றைக் கையில் பாரம் தொங்கினால் உடம்பு மறுபக்கம் சாய்கிறது. சாய்ந்த உடம்போடு மணலில் அரைக் கிலோமீட்டர் போவதை முதுகு மன்னிக்காது.

குனிவுகளை எண்ணியது

எடைப் பட்டியலைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் வேறொரு கணக்கைக் கேட்டார்: ஒரு காலையில் எத்தனை தடவை குனிகிறீர்கள்? ஒவ்வொரு குனிவும் எவ்வளவு நேரம்? மே மாதம் வாலிநோக்கம் உப்பளத்தில், பெட்டியை மருமகன் சுமக்க, நிழற்படக்காரர் வழக்கப்படி 4 படங்கள் எடுத்தார். மருமகன் கைக்கடிகாரத்தோடு எண்ணினார்.

பெட்டியைத் தரையில் வைப்பதும் எடுப்பதும் சேர்ந்து 14 தடவை. அது தரையில் கிடப்பதால் லென்ஸுக்கு ஒரு குனிவு, ஹோல்டருக்கு ஒரு குனிவு, மீட்டருக்கு ஒரு குனிவு. இதைவிடப் பெரியது கருப்புத் துணிக்குள் நிற்கும் நேரம். ஒரு படத்துக்குச் சராசரியாக 6 நிமிடம், இடுப்பில் பாதி வளைந்தபடி, கழுத்தை நீட்டி, கிரவுண்ட் கிளாஸில் (கேமராவின் பின்பக்கம் காட்சி விழும் மங்கல் கண்ணாடி) லூப்பை அழுத்திக்கொண்டு நின்றார். டிரைபாடை அவர் நெஞ்சுயரத்தில் வைப்பது காற்றுக்குப் பயந்து. அதனால் கிரவுண்ட் கிளாஸ் எப்போதும் கண்ணுக்குக் கீழே ஒரு முழத்தில்தான் இருந்தது.

குனிந்து தூக்குவது ஏன் கெடுக்கிறது என்பதற்குக் கணக்கு எளிது. முதுகுத் தசைகள் வட்டுக்குப் பின்னால் ஏறக்குறைய 5 செ.மீ. தூரத்திலிருந்து இழுக்கின்றன. டிக்கிக்குள் கையை நீட்டி 14 கிலோப் பெட்டியைப் பிடிக்கும்போது அந்தப் பாரம் இடுப்பிலிருந்து 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. பத்து மடங்கு. தசை இழுக்க வேண்டியது 140 கிலோ, அதற்கு மேல் குனிந்த உடம்பின் சொந்த எடை. அத்தனையும் அந்த ஒரு வட்டின் மேல் இறங்குகிறது. அதே பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்கினால் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

இன்னொன்றையும் அவர் கேட்டு வைத்துக்கொண்டார். இரவு படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பி நிற்கின்றன. எழுந்த முதல் ஓரிரு மணி நேரத்தில் குனிவது அவற்றுக்கு ஆகாது. லார்ஜ் ஃபார்மட்காரர்கள் விடிவதற்கு முன் எழுகிறவர்கள். ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஒன்றரை மணி நேரம் காரில் உட்கார்ந்து போய், இறங்கிய கையோடு டிக்கியைத் திறந்து தூக்குவார்கள். பிப்ரவரியில் நடந்தது அதேதான்.

ஆகவே இரண்டு வேலைகள் என்று முடிவாயிற்று. எடையைக் குறைப்பது ஒன்று. குனிவைக் குறைப்பது இன்னொன்று. எங்கள் கருத்தில் இரண்டாவதை முதலில் செய்திருக்க வேண்டும். அவர்கள் முதலாவதிலிருந்து தொடங்கினார்கள்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

பெட்டி முதலில் போனது. இடுப்புப் பட்டை வைத்த மலையேற்றப் பை, உள்ளே சுற்றி வைக்கும் மெத்துத் துணிகளோடு சேர்த்து 1.5 கிலோ. இடுப்புப் பட்டை சரியாக இறுகினால் பாரத்தின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்பெலும்பில் உட்காரும். பட்டை தொப்புளுக்கு மேலே ஏறி நின்றால் அந்தப் பயன் இல்லை. கனமானது முதுகை ஒட்டி, லேசானது வெளிப்பக்கம் என்று அடுக்க வேண்டும்.

லென்ஸ்களைக் குறைப்பதில்தான் தயக்கம் இருந்தது. ஆசையைக் கேட்காமல் குறிப்பேட்டைக் கேட்டார்கள். கடைசியாக எடுத்த 96 தாள்களில் 150-இல் 47, 210-இல் 35, 90-இல் 14. இருக்கிற 150-ஐயும் 210-ஐயும் மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றால், இரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். 90 போனபின் கொஞ்சமாவது அகலம் வேண்டும். அதனால் பழைய பொருள் சந்தையில் இரண்டு லென்ஸ்களைத் தேடினார்கள்: நிக்கார்-டபிள்யூ 135 மி.மீ. எஃப்/5.6, ஃபூஜினான்-ஏ 240 மி.மீ. எஃப்/9. சிறிய லென்ஸ் போர்டுகளோடு இரண்டும் சேர்ந்து 0.6 கிலோ. இரண்டுமே கோப்பால் 0 என்ற அளவு ஷட்டர், போர்டில் 34.6 மி.மீ. துளை. இரண்டுக்கும் 52 மி.மீ. ஃபில்டர். முன்பு மூன்று லென்ஸுக்கு மூன்று அளவில் தூக்கிய ஃபில்டர்கள் ஒரே தொகுப்பாகிவிட்டன.

இழப்பும் உண்டு. எஃப்/9 லென்ஸ் குறைவான ஒளியையே உள்ளே விடுவதால் கிரவுண்ட் கிளாஸ் மங்கலாகத் தெரியும். கிழக்கு வெளுக்கும் முன் ஃபோகஸ் பார்ப்பது கடினம். தேவாலயத்தின் உட்புறத்தில் பின்னால் நகர இடமில்லாத மூலைகளுக்கு 135 போதாது. சின்ன ஷ்னைடர் ஆங்குலான் 90 எஃப்/6.8 நூற்றுச் சொச்சம் கிராம்தான், அதைச் சேர்க்கலாமா என்று யோசித்தார்கள். அதன் பட வட்டம் (லென்ஸ் ஃபிலிமின் மேல் வீசும் ஒளி வட்டம்) 4×5-ஐ மட்டுமட்டாகத்தான் மூடுகிறது. சுவர் நேராக நிற்க லென்ஸை மேலே உயர்த்தினால் மூலைகள் கருகும். கேமராவை மட்டமாக வைத்து, கீழ்ப்பக்க மணலைப் பிறகு வெட்டிக்கொள்வதானால் பயன்படும். அப்போதைக்கு வேண்டாம் என்று வைத்தார்கள்.

ஹோல்டர்கள் பத்திலிருந்து ஐந்து. ஒரு காலையில் நாலைந்து காட்சிகளுக்கு மேல் அவர் எடுத்ததே இல்லை. காட்சிக்கு இரண்டு தாள் என்றால் பத்துத் தாள் போதும். ஆறு தாள் பிடிக்கும் கிராஃப்மேட்டிக் ஒன்று மூன்று ஹோல்டருக்குச் சமம் என்று சொல்லிப் பலரும் வாங்குகிறார்கள். அதன் எடை அரைக் கிலோ, மூன்று ஹோல்டரும் அரைக் கிலோதான். மிச்சமாவது பையில் இடம் மட்டுமே. அதோடு, அதன் நகரும் பாகங்களில் தனுஷ்கோடி மணல் புகுந்தால் நடுவில் சிக்கிக்கொள்ளும். எனவே பழைய ஹோல்டர்களே, ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் பிளாஸ்டிக் உறையில். ஃபிலிமின் மேல் விழும் மணல் துகள் ஒளியை மறைத்து, நெகட்டிவில் வெள்ளைப் புள்ளியாகி, பிரிண்ட்டில் கரும்புள்ளியாக வரும். வெளிறிய வானத்தில் அதை ஒளிக்க முடியாது.

கேமரா: மடக்கு மர கேமரா, 1.4 கிலோ. மோனோரயிலின் பல் சக்கர நகர்வுகளையும் இறுக்கத்தையும் இதில் எதிர்பார்க்கக் கூடாது. டார்க் ஸ்லைடை (ஹோல்டரில் ஃபிலிமை மூடியிருக்கும் தகடு) உருவும்போது பின்பக்கமே ஆடும். இன்னொரு கையால் ஹோல்டரைக் கேமராவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் உருவ வேண்டும். வாங்கிய உடனே, இருட்டறையில் பெல்லோஸுக்குள் (லென்ஸையும் பின்பக்கத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) சிறிய டார்ச்சை விட்டு மடிப்பு மூலைகளில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்தார்கள். உப்பளத்து வெயிலில் ஒரு துளை போதும், ஒளி கசிந்து தாள் முழுக்கப் புகை படிந்ததுபோல ஆகிவிடும்.

டிரைபாட்: கார்பன் ஃபைபர் 1.5, சிறிய பால் ஹெட் 0.4. கருப்புத் துணி: உள்ளே கருப்பு, வெளியே வெள்ளையாக மெல்லிய நைலான், 0.3, கேமராவைச் சுற்றிப் பிடிக்க விளிம்பில் எலாஸ்டிக். லூப்பும் சில்லறைச் சாமான்களும் 0.4. ஸ்பாட் மீட்டருக்குப் பதில் செல்பேசிச் செயலி போதும் என்று மருமகன் சொன்னார். உப்புப் பாத்திக்கு நடுவே திரையே தெரியவில்லை என்பதால் மீட்டர் பையில் தங்கியது, அந்த 0.5 கிலோ நியாயமான எடை. குடையும் ஃபிலிம் மாற்றும் பையும் காரில். தண்ணீர் முதுகில் 1 லிட்டர், காரில் 5 லிட்டர் கேன். தண்ணீரில் எடை மிச்சம் பிடிக்க இந்த வெயிலில் யாரும் முயலக் கூடாது.

இத்தனையும் சேர்ந்து 8.5 கிலோ.

தள்ளுவண்டியும் பார்த்தார்கள். இரண்டு சக்கரப் பயணப் பெட்டி வண்டி தார்ச்சாலையில் நன்றாக ஓடியது. மணலில் பத்தடி தாண்டவில்லை, சக்கரம் புதைந்து வண்டி கலப்பையாகிவிட்டது. ஒரு கையால் பின்னால் இழுக்கும்போது உடம்பு முறுக்கிக்கொள்வதால், இடுப்புக்குச் சுமப்பதைவிட அதுவே மோசம். அகலச் சக்கரம் வைத்து முன்னால் தள்ளும் வண்டி வேறு கதை, அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஜூலை: காற்று கேட்ட விலை

புதிய மூட்டையோடு முதல் பயணம் ஆடி மாதத்தில், தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனைக்கு. கச்சான் காற்று ஓங்கி வீசும் காலம். நடை சுகமாக இருந்தது. முதுகும் முறுமுறுக்கவில்லை. எடுத்தது 8 தாள். கழுவிப் பார்த்தபோது 5 ஆடியிருந்தன.

காரணம் புரிந்துகொள்ள வேண்டியது. எஃப்பி4 பிளஸ் ஃபிலிம், ஐஎஸ்ஓ 125. காலடி மணலிலிருந்து அடிவானம் வரை கூர்மை வேண்டி லென்ஸ் துளை எஃப்/32 என்ற சிறிய அளவில். வானத்துக்காக ஆரஞ்சு ஃபில்டர். விடியல் ஒளியில் ஷட்டர் அரை வினாடி. பழைய 4.6 கிலோ கேமராவும் 4.8 கிலோ டிரைபாடும் அரை வினாடியைத் தாங்கிக்கொண்டிருந்தன. 1.4 கிலோ கேமரா, பாய்மரம்போல விரிந்த பெல்லோஸ், 1.9 கிலோ டிரைபாட் ஆகியவற்றால் அது முடியவில்லை. நிலைப்பு வேண்டும் என்று பையை டிரைபாட் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார்கள். தொங்கிய பை காற்றில் ஊசலாடி, தானே டிரைபாடை ஆட்டியது. பாதிக் கெடுதல் அதனால் வந்தது.

இரண்டாவது நாள் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வந்தார். “பையத் தொங்கவிட்டா ஆடத்தான் செய்யும் சார். கனத்தத் தூக்கிக்கிட்டு எதுக்கு அலையணும்? ஒரு சாக்கு, ஒரு கயிறு. மண்ணுக்குள்ள பொதச்சுக் கட்டுங்க, மண்ணே புடிச்சுக்கும்.”

அவர் சொன்னதைச் சீர்படுத்தி இப்படிச் செய்கிறார்கள். 5 கிலோ அரிசி வந்த துணிப் பை ஒன்று, நைலான் கயிறு இரண்டு மீட்டர். இரண்டும் சேர்ந்து 100 கிராம். முதலில் டிரைபாடின் மூன்று கால்களையும் மிதித்து மணலில் இறக்க வேண்டும். ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, நடுவில் முழங்கை ஆழம் குழி தோண்டி, பையில் நாலைந்து கை மணல் போட்டு வாயைக் கட்டி உள்ளே வைத்து மூடி மிதிக்க வேண்டும். கயிற்றை மேலே கொண்டுவந்து நடுத்தண்டின் கொக்கியில், இழுத்தால் இறுகும் முடிச்சாகப் போட்டு, கயிறு விரலுக்கு விறைப்பாகத் தட்டுப்படும் வரை மட்டும் இறுக்க வேண்டும். மிஞ்சி இறுக்கினால் கால்கள் வளையும், மட்டம் நகரும். அதனால் கயிற்றை இறுக்கிய பிறகே மட்டம் பார்ப்பது. வேலை முடிந்ததும் குழியை மூடிவிட வேண்டும்.

உப்பளத்தில் இதைச் செய்யக் கூடாது. பாத்தி வரப்பில் ஒரு குழி என்றால் நீர் கசிந்து தொழிலாளர்களின் பல நாள் உழைப்பு வீண். அங்கே தண்ணீர்க் கேனைக் கொக்கியில் கட்டி, அதன் அடி தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கும்படி விடுகிறார்கள். தரை தொடும் பாரம் ஊசலாடாது.

ஷட்டர் வேகத்தையும் ஏற்றினார்கள். எச்பி5 பிளஸ், ஐஎஸ்ஓ 400. லென்ஸின் முன்சாய்வைச் சரியாகப் போட்டால் எஃப்/32 தேவையில்லை, எஃப்/22 போதும். இரண்டும் சேர்ந்து அரை வினாடி 1/15-க்கு வந்தது. மணற்பரப்பு முழுவதும் கூர்மையாக வர லென்ஸை எவ்வளவு சாய்ப்பது என்பதற்குக் கணக்கு உண்டு: லென்ஸின் குவியத் தூரத்தைத் தரையிலிருந்து லென்ஸின் உயரத்தால் வகுத்தால் வருவது சாய்வுக் கோணத்தின் சைன். 135 மி.மீ. லென்ஸ் 1.1 மீட்டர் உயரத்தில் இருந்தால் 7 பாகை. நெஞ்சுக்கு மேலே 1.6 மீட்டரில் இருந்தால் 5 பாகைக்குச் சற்றுக் குறைவு. உயரத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், கோணத்தைப் போட்டுவிட்டுத் தொடங்கலாம். துணிக்குள் தேடித் தவிக்கும் நேரம் பாதியாகக் குறையும். முதுகுக்கு இது எடைக் குறைப்பைவிடப் பெரிய உதவி.

ஆகஸ்டு, செப்டம்பர்: உட்கார்ந்து பார்ப்பது

கிரவுண்ட் கிளாஸ் பார்க்கக் குனியாமல் இருக்க டிரைபாடைக் கண்ணளவு உயர்த்தலாம். உயர்த்தினால் காற்று ஆட்டும். பிசியோதெரபிஸ்டிடம் இந்த முரணைச் சொன்னபோது அவர், “அப்ப நீங்க தாழ்ந்து வாங்க சார்” என்றார். மடக்கு ஸ்டூல் வந்தது, 0.7 கிலோ. சாக்கு, கயிறு எல்லாம் சேர்த்து மூட்டை 9.3 கிலோ.

முதலில் வாங்கியது மூன்று கால் குட்டை ஸ்டூல். மணலில் கால் இறங்கி, உட்கார்ந்தவர் முழங்கால் நெஞ்சைத் தொட, முதுகு கூன் போட்டது. நின்று குனிவதைவிட அது மேலானதில்லை. மாற்றி வாங்கியது 45 செ.மீ. உயரம், கால்களுக்குக் கீழே குறுக்குக் கம்பி உள்ளது. மணலில் விரல் அளவே இறங்குகிறது. இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும் என்பதே அளவுகோல். அப்படி உட்கார்ந்தால் கண்ணும் லென்ஸும் தரையிலிருந்து 1.1 மீட்டர் பக்கம் வருகின்றன. டிரைபாடின் கடைசிக் கால் பகுதியைச் சற்றே நீட்டினால் போதும். முழுக்க மடக்கியும் வைக்கக் கூடாது, பூட்டு வளையம் மணலுக்கு மேலே நிற்க ஒரு சாண் நீட்டியாக வேண்டும். வளையத்துக்குள் மணல் போனால் ஒவ்வொரு திருகலிலும் அரைக்கும்.

பை இப்போது தரையில் கிடப்பதில்லை. மருமகன் வந்த நாளில் அவர் முதுகிலேயே இருக்கும், வேண்டியதை அவர் எடுத்துத் தருவார். தனியாகப் போகும் நாளில் ஸ்டூலின் மேல் பை. பார்க்கும் நேரத்தில் மட்டும் பை மணலுக்கு இறங்கும். காரிலிருந்து இறங்கியதும் பத்து நிமிடம் வெறுங்கையோடு நடந்து இடத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகே பையைத் தொடுவது என்ற வழக்கமும் வந்தது. படத்துக்கும் அது நல்லது.

அக்டோபர்: மறுபடியும் ஒரு பிடிப்பு

ஒரு மாலை, வீட்டு வாசலில், காரின் டிக்கியிலிருந்து 5 லிட்டர் தண்ணீர்க் கேனை ஒரு கையால் எடுத்துத் திரும்பினார். “மாமா, இருங்க, நான் எடுக்குறேன்” என்று மருமகன் சொல்லி முடிப்பதற்குள் பிடித்துவிட்டது. ஐந்து கிலோதான். ஆனால் கை நீட்டி, குனிந்து, முறுக்கி எடுத்த ஐந்து கிலோ. இரண்டு வாரம் வெளியே போகவில்லை.

அதன் பிறகு டிக்கியில் எதையும் வைப்பதில்லை. பை, டிரைபாட், கேன் எல்லாம் பின் இருக்கையில், கதவோரம், இடுப்பு உயரத்தில். பையை இருக்கையில் நிமிர்த்தி வைத்து, முதுகைக் காட்டி நின்று பட்டைகளுக்குள் கையை நுழைத்து, அப்படியே எழுந்துவிடுகிறார். தூக்குவது என்ற செயலே இல்லை.

விளைவு

வலியை 0 முதல் 10 வரை எண் போட்டு அவர் எழுதி வந்தார். மார்ச்சில் படம் எடுக்காத நாளிலும் 6, 7. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், படம் எடுத்த மறுநாள் காலை 2. சில நாள் 3. வலி தீர்ந்துவிடவில்லை. நாற்பது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து கார் ஓட்டினால் இன்னும் இடுப்பு இறுகுகிறது. பாம்பன் வந்ததும் நிறுத்தி இறங்கி நடக்கிறார். பிசியோதெரபி சொன்ன பயிற்சிகளைத் தினமும் செய்வதும் இந்தக் குறைவுக்குக் காரணம். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

படங்களின் பக்கம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வாடைக் காற்றுக் காலத்தில், 62 தாள். ஆட்டத்தால் கெட்டவை 4. எச்பி5-இன் மணி (படத்தில் தெரியும் கிரெய்ன்) சற்றுத் தடித்தது. 4×5-லிருந்து 16×20 அங்குல பிரிண்ட்டுக்கு அது தொந்தரவு தரவில்லை. உப்புக்காற்றில் மர கேமராவின் இரும்புத் திருகுகள் இரண்டு துருவேறின. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி வைப்பது இப்போது கட்டாயம். டிரைபாட் காலைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுவதும் அப்படியே. கேமராவின் தண்டவாளத்துக்கு எண்ணெய் போடக் கூடாது, மணல் ஒட்டிக்கொள்ளும்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

ஸ்டூலும் பின் இருக்கையும் முதல் வாரத்திலேயே வந்திருக்க வேண்டும். அவற்றுக்கு ஆன செலவு கேமராவுக்கு ஆனதில் சிறு பங்குகூட இல்லை. குனிவைக் குறைப்பதைக் கேமரா வாங்குவதற்கு முன்பே செய்திருந்தால், கேமராவை மாற்றாமலே சில மாதம் சமாளித்திருக்கலாம்.

லேசான டிரைபாடை வீட்டு மாடியில் சோதித்துவிட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஆடிக் காற்றில் இரண்டு தாள் செலவழித்துச் சோதித்திருந்தால் ஐந்து மிஞ்சியிருக்கும். பழைய அலுமினிய டிரைபாடை விற்காமல் வைத்தது சரியான முடிவு: காரிலிருந்து ஐம்பதடிக்குள் எடுக்கும் படங்களுக்கு, மருமகன் இருக்கும் நாளில், இன்னும் அதுவே நிற்கிறது.

90 மி.மீ. லென்ஸ் பற்றிய முடிவு பாதி தவறு. தேவாலயத்தின் உட்புறப் படங்கள் ஓராண்டு முழுக்க நின்றுபோயின. அந்தச் சுவர்களோ ஒவ்வொரு மழைக்கும் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. கடைசியில் பழைய பெரிய 90-ஐயே, 240-ஐ வீட்டில் வைத்துவிட்டு, தேவாலயத்துக்கென்று தனியாகப் போகும் நாட்களில் மட்டும் எடுத்துப் போகிறார். அன்று மூட்டை 9.7 கிலோ. சாலையிலிருந்து சுவர் வரை அதை மருமகன் சுமக்கிறார்.